மைட்டர் ரம்பமும் நாற்பத்தைந்து பாகையும்

மாணவியரே, தையல் வகுப்பில் கைக்குட்டைக்கு ஓரம் மடிக்கும்போது மூலையில் துணி குவிந்து தடித்துவிடும். அதைத் தவிர்க்க மூலையைக் குறுக்காக மடித்து, மிகுதித் துணியைக் கத்தரித்துவிட்டு, இரண்டு ஓரங்களும் ஒரு சாய்கோட்டில் சந்திக்கும்படி தைக்கிறோம். அந்தச் சாய்கோடு 90 பாகைச் செங்கோணத்தை 45, 45 என்று சரிபாதியாகப் பிரிக்கிறது. தச்சர் இரண்டு மரத்துண்டுகளை மூலையில் இணைக்கும்போதும் இதையேதான் செய்கிறார். அவ்விணைப்புக்கு மைட்டர் என்று பெயர். ஆயர் பெருமக்கள் வழிபாட்டில் அணியும் உயர்ந்த தொப்பிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் வழங்குகிறது. இரு பக்கங்களும் சாய்ந்து உச்சியில் கூடும் அத்தொப்பியைப் பார்த்தவர்களுக்கு இணைப்பின் வடிவம் எளிதில் நினைவில் நிற்கும். துணியில் மூலை தவறினால் தையலைப் பிரித்துவிட்டு மீண்டும் மடிக்கலாம். மரத்தை வெட்டுவதோ சுழலும் ரம்பம். அங்கே கோணத்தையும் கையையும் ஒருசேரக் காப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திருப்பூரில் மைட்டர் இணைப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பனியன்களின் மார்பில் நாம் காணும் எழுத்துகளும் படங்களும் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிடப்படுபவை. நாற்பக்கச் சட்டம் ஒன்றின்மேல் மெல்லிய வலைத்துணியை இழுத்து ஒட்டி, படம் விழவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவைத்து, மற்றக் கண்களை அடைத்துவிடுகிறார்கள். மேலே சாயத்தை வைத்து ரப்பர் பட்டையால் வழித்தால், திறந்த கண்களின் வழியே சாயம் துணியில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நான்கு நிறப் படமானால் நான்கு ஸ்கிரீன்கள் ஒரே இடத்தில் பிசகாமல் உட்கார வேண்டும். சட்டத்தின் மூலை ஒன்று தளர்ந்தாலும் வலையின் இழுவை மாறும். பூவின் சிவப்பு ஒருபுறமும் அதன் கருப்பு ஓரக்கோடு மறுபுறமும் விழும். அப்படி அச்சான உருப்படிகள் ஏற்றுமதிக்குத் தேறா. ஆக, தச்சுப் பட்டறையில் செய்த அரைப் பாகைப் பிழை பனியன் கம்பெனியின் கணக்குப் புத்தகம் வரை வந்து சேர்கிறது.

இச்சட்டங்கள் மரத்திலும் செய்யப்படுகின்றன, அலுமினியக் குழாயிலும் செய்யப்படுகின்றன. முன்னாளில் கைரம்பமும், 45 பாகைக்குக் கீறல் போட்ட மரத்தொட்டியும் போதுமாக இருந்தன. பிறகு மின்கம்பியோடு கூடிய மைட்டர் ரம்பம் வந்தது. இப்போது கம்பியில்லாமல் பாட்டரியில் ஓடும் மைட்டர் ரம்பமும் கடைகளில் கிடைக்கிறது. மின்சாரம் நின்றாலும் வேலை நிற்பதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே தூக்கிச் செல்லலாம். காலில் கம்பி தடுக்காது.

வட்டமான ரம்பத்தை முதலில் யார் எண்ணினார் என்பதில் ஒரு சுவையான வழக்கு உண்டு. அமெரிக்காவின் ஷேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினர், தங்கள் சகோதரி டபிதா பாபிட் என்பவரே அதை 1810-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்தார் என்று சொல்லிவந்தனர். ஆனால் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் 1777-இல் பெற்ற காப்புரிமையிலேயே வட்ட ரம்பம் குறிக்கப்பட்டிருக்கிறது. வழக்கில் சகோதரி தோற்றாலும், மரம் அறுப்பதைப் பெண்கள் உற்றுக் கவனித்தார்கள் என்பதை அந்த மரபு நினைவில் வைத்திருக்கிறது என்பதே நமக்கு மகிழ்ச்சி.

இனி கருவியைப் பார்ப்போம். கீழே ஒரு மேசை. அதன் பின்புறம் மரத்தைச் சாய்த்துப் பிடிக்க நிமிர்ந்த தடுப்புச் சட்டம். மேலே கீலில் ஏறி இறங்கும் தலைப்பகுதி. அதில் மோட்டாரும் பல்வட்டத் தகடும். தகட்டைத்தான் பட்டறையில் பிளேடு என்கிறார்கள். பிளேடைச் சுற்றி ஒரு காப்புமூடி. தலையைக் கீழே இறக்கும்போது மூடி தானாக விலகும். உயர்த்தினால் தானாக மூடிக்கொள்ளும். கோணங்கள் இரண்டு வகை. மேசையின் நடுவட்டத்தை இடமோ வலமோ திருப்பினால் மரத்தின் குறுக்கே சாய்வாக வெட்டு விழும். இது மைட்டர் கோணம். தலைப்பகுதியையே பக்கவாட்டில் சாய்த்தால் மரத்தின் கனத்தில் சரிவான வெட்டு விழும்; இதைப் பெவல் என்கிறார்கள். ஸ்கிரீன் சட்டத்துக்குப் பெவல் 0, மைட்டர் 45.

பிளேடின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? விட்டம் 254 மி.மீ., அதாவது 10 அங்குலம் என்று கொள்வோம். சுற்றளவு விட்டத்தின் 3.1416 மடங்கு, ஏறத்தாழ 0.8 மீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் வினாடிக்கு 66.7 சுற்று. எனவே பல் ஒன்று வினாடிக்குச் சுமார் 53 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேல். அவினாசி சாலையில் எந்த வண்டியும் அந்த வேகத்தில் போவதில்லை. கை பட்டபின் இழுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் எவ்வளவு பொய் என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரிகிறது.

கம்பியுள்ள கருவியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியும். கம்பி தரையில் கிடக்கும். பாட்டரிக் கருவியில் அந்த அடையாளம் இல்லை. விசையை விட்டதும் சத்தம் அடங்குகிறது, பிளேடு நிற்கிறது, கருவி உறங்குவதுபோல் இருக்கிறது. ஆனால் மின்சாரம் அதன் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது. கோணத்தைத் திருத்தக் குனிபவரின் முழங்கையோ, எட்டிப் பார்க்கும் குழந்தையின் விரலோ விசையில் பட்டால் போதும். தவறி அழுத்தாதிருக்கப் பூட்டுப் பொத்தான் வைத்த கருவிகள் பல உண்டு. அதை மட்டும் நம்பிப் பல்லருகே விரலை வைக்கலாகாது. ஆகவே, பிளேடைத் தொடுவதற்கு முன்பும், கோணத்தைச் சரிபார்க்கும் முன்பும், சிக்கிய சிம்பை எடுக்கும் முன்பும், பாட்டரியைக் கழற்றிக் கருவிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மேசையின் மறுகோடியில் பாட்டரி கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் இன்னும் நல்லது. அதுவே பிடுங்கிய பிளக்குக்குச் சமம்.

அப்பாட்டரி சிறியதுதானே என்று எண்ண வேண்டாம். லித்தியம் மின்கலம் ஒன்று 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுதும் ஏற்றி, சுமையின்றி அளந்தால் கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 வோல்ட் வரும். அதனால் அதே ஐந்து கல அடுக்கைச் சில கம்பெனிகள் 20 வோல்ட் என்று அச்சிடுகின்றன. 18-ஐ விட 20 வலிமையானது என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நம் ஊரார் ஒன்றில் குறிப்பாக ஏமாறக்கூடும். கட்டிங் மாஸ்டர்கள் அடுக்கிய துணியை வெட்டும்போது, துணியைப் பிடிக்கும் கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை அணிகிறார்கள். அந்த நேர்க்கத்தி மேலும் கீழும் ஓடுவது. கையுறை அதைத் தடுக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள், மர ரம்பத்துக்கும் கையுறை போட்டால் நல்லதுதானே என்பார்கள். நல்லதன்று. சுழலும் பல் கையுறையின் நூலையோ வளையத்தையோ கவ்வினால் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். எனவே பிளேடு ஓடும்போது வெறுங்கை. பாட்டரியைக் கழற்றிவிட்டு கூரிய பிளேடை மாற்றும்போது மட்டும் கையுறை. துப்பட்டா, முந்தானை, தொங்கும் சடை, வளையல், அரைஞாண்போல் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு யாவும் இதே காரணத்தால் விலக்கத்தக்கவை. கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பும், மூக்குக்கு முகமூடியும் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தும்மலோடு போய்விடும் தூசி என்று அதை அலட்சியம் செய்யக்கூடாது.

இப்போது கோணக் கணக்கு. மாணவியர் பலர் இங்கேதான் தடுமாறுவர். நம் வடிவியல் பெட்டியிலுள்ள கோணமானியில் மரத்தின் ஓரம் 0 பாகை. அதற்கு நேர்குறுக்கான கோடு 90 பாகை. ரம்பத்தின் அளவுகோலில் அந்த நேர்குறுக்கு வெட்டுக்குத்தான் 0 என்று பெயர். அங்கிருந்து எவ்வளவு திருப்பினோமோ அதுவே ரம்பத்தின் எண். பக்கங்கள் சமமான பலகோணச் சட்டத்துக்கு ரம்பத்தை எங்கே நிறுத்துவது? பக்கங்களின் எண்ணிக்கை ஆறு என்றால் உட்கோணம் 120; அதில் பாதி 60; 90-லிருந்து 60-ஐக் கழித்தால் 30. எட்டுப் பக்கமானால் உட்கோணம் 135, பாதி 67.5, கழித்தால் 22.5. நான்கு பக்கத்துக்கு 45. மூன்று விடைகளையும் உற்றுப் பார்த்தால் சூத்திரம் தானே வெளிப்படும்: 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ரம்பத்தின் மேசை 22.5-இலும் 45-இலும் 'கிளிக்' என்று தானாக நிற்கும்படி பள்ளம் வைத்திருப்பது இதனால்தான்.

கிளிக் என்று நின்றதாலேயே கோணம் சரியென்று நம்பிவிடலாமா? வண்டியில் ஏற்றி இறக்கியதில் தடுப்புச் சட்டம் சற்று நகர்ந்திருக்கலாம். அளவுகோல் சொல்வது, தன்னைப் பொருத்திய நாளில் இருந்த கோணத்தை. இன்றைய கோணத்தை மூலைமட்டம்தான் சொல்லும். பாட்டரியைக் கழற்றிவிட்டு, தலையை இறக்கிப் பூட்டி, முதலில் மூலைமட்டத்தை மேசைமேல் நிறுத்திப் பிளேடின் பக்கத்தில் ஒட்டவைக்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் பெவல் 0 சரியில்லை. அடுத்து மூலைமட்டத்தைப் படுக்கவைத்து, ஒரு புயத்தைத் தடுப்புச் சட்டத்திலும் மறுபுயத்தைப் பிளேடிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கவனிக்கவும்: பல்லின் கார்பைடு முனை, தகட்டைவிடப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். மூலைமட்டம் பல்லில் படாமல், இரண்டு பற்களுக்கிடையே தகட்டில் படிய வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ரம்பமும் கோணலாகத் தோன்றும். பிசகு இருந்தால் எந்தத் திருகைத் தளர்த்துவது என்பது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் தடுப்புச் சட்டத்தின் போல்ட், சிலவற்றில் அளவுத் தகட்டின் திருகு. கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். முள்ளை மட்டும் 0-க்கு நகர்த்திவிட்டுத் திருத்திவிட்டோம் என்பது, நின்ற கடிகாரத்தில் முள்ளைத் திருப்பிவைப்பது போன்றது.

மூலைமட்டத்தையும் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அகலமான பலகை ஒன்றை 0-வில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் புரட்டிப்போட்டு, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெட்டு நேரானதென்றால் இடைவெளி இராது. இருந்தால், தெரிவது உண்மைப் பிழையின் இரு மடங்கு. கண்ணுக்கு எட்டாத பிழையைப் பெருக்கிக் காட்டும் இம்முறைக்கு ஒரு காசும் செலவில்லை.

சிறு பிழை எவ்வாறு வளரும்? ரம்பம் 45-க்குப் பதில் 44.5-இல் நிற்கிறது என்போம். மரத்தின் அகலம் 40 மி.மீ. சாய்ந்த வெட்டுமுகத்தின் நீளம் 40-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் 56.6 மி.மீ. அவ்வளவு தூரத்தில் அரைப் பாகை என்பது வெறும் அரை மில்லிமீட்டர், யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் நான்கு மூலைக்கு எட்டு வெட்டுகள். எட்டு அரைப் பாகை சேர்ந்தால் 4 பாகை. மூன்று மூலைகளை இறுக்கமாக மூடிவிட்டால், நான்காவது மூலை வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. வாயைத் திறக்கும். அதை ஆணியடித்து இழுத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மேசைமேல் வைத்தால் ஆடும்.

அனுபவமுள்ள தச்சர் சிலர், ஒரு முனையை இடப்புறம் திருப்பியும் மறுமுனையை வலப்புறம் திருப்பியும் வெட்டுவார்கள். தடுப்புச் சட்டத்தின் பிசகு ஒருபுறம் 45.5 ஆகவும் மறுபுறம் 44.5 ஆகவும் விழும், கூட்டினால் 90. மூலை மூடிக்கொள்ளும். கெட்டிக்கார வேலைதான். ஆனாலும் இரண்டு வெட்டுமுகங்களும் ஒரே நீளமாக இரா; 40 மி.மீ. மரத்தில் ஒரு மில்லிமீட்டர் துருத்தும். ரம்பத்தைத் திருத்துவதே நேர்வழி என்பது நம் கருத்து.

கோணம் அமைந்தபின் உடனே பாட்டரியை மாட்டக்கூடாது. தலையைக் கையால் ஒருமுறை மெல்ல முழுதும் இறக்கி, பிளேடு எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். பெவல் சாய்த்திருந்தால் தடுப்புச் சட்டத்தின் மேற்பகுதியைப் பக்கத்தில் நகர்த்த மறந்துவிடுவது வழக்கம்; அப்படியே ஓட்டினால் கார்பைடு முனை தெறிக்கும். காப்புமூடி தடையின்றி ஏறி இறங்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். மூடியை நூலாலோ ஆப்பாலோ தூக்கிக் கட்டிவைத்திருக்கும் பட்டறையில் நின்று வேடிக்கை பார்ப்பதுகூடத் தகாது.

வெட்டும்போது மரத்தைத் தடுப்பிலும் மேசையிலும் சேர்த்துக் கிளாம்பால் இறுக்க வேண்டும். கைக்கும் பிளேடுக்கும் 15 செ.மீ. இடைவெளி வேண்டுமென்று கையேடுகள் பல கூறுகின்றன. நாம் ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அந்தத் தூரத்தில் பிடிக்க முடியாத சிறு துண்டைக் கையில் பிடித்து வெட்டவே கூடாது. மரம் வளைந்திருந்தால் அதன் புடைத்த பக்கம் தடுப்பை நோக்கியிருக்கட்டும். மாற்றிவைத்தால் வெட்டு பாதியில் மூடிக்கொண்டு பிளேடை நெரிக்கும். பிளேடு முழு வேகம் பிடித்தபின்தான் மரத்தைத் தொட வேண்டும். வெட்டி முடிந்ததும் விசையை விட்டுவிட்டு, தலையைக் கீழேயே வைத்திருந்து, பிளேடு முற்றிலும் நின்றபின் உயர்த்த வேண்டும். சுழன்றுகொண்டே உயர்ந்தால் வெட்டிய துண்டைக் கவ்வி எறிந்துவிடும்.

பிளேடை மாற்றுவது தனிக்கலை. மரத்துக்கான பிளேடு வேறு, அலுமினியத்துக்கானது வேறு. இரண்டையும் ஒன்றால் முடிக்கப் பார்ப்பவர்கள் இரண்டையும் கெடுப்பார்கள். இரும்பு அறுக்கும் உரைக்கல் வட்டை இதில் மாட்டவே கூடாது; இக்கருவியின் காப்புமூடி அதற்காக அமைந்ததன்று. நடுப் போல்ட் பெரும்பாலான மைட்டர் ரம்பங்களில் வழக்கத்துக்கு மாறாக வலப்புறம் திருப்பினால் கழலும். புதுப் பிளேடில் அச்சிட்ட அம்புக்குறியும் மூடிமேல் உள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். திருகிய சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்த்தபின்பே பாட்டரி.

மரச்சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அரசின் சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அபாயமான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பு இட வேண்டும் என்று 21-ஆம் பிரிவிலும், இளம் வயதினரைத் தக்க பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி அபாய இயந்திரங்களில் நிறுத்தலாகாது என்று 23-ஆம் பிரிவிலும் விதித்தது. ஆனால் மின்விசையோடு 10 பேராவது வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண் 20 ஆயிற்று. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறை எந்தக் கணக்கிலும் தொழிற்சாலை ஆவதில்லை. அங்கே பிளேடின் மூடியைப் பார்க்க ஆய்வாளர் வருவார் என்று காத்திருக்க முடியாது.

பார்க்கக்கூடியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இக்கருவியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெட்டியோடு பரணில் ஏறிவிடுகிறது. தந்தையோ அண்ணனோ மாமாவோ இந்த ரம்பத்தை வைத்திருக்கும் மாணவியர், அதை இறக்கிப் படித்துத் தமிழில் சொல்லலாம். பாட்டரி கழற்றிய ரம்பத்தில் அப்பா மூலைமட்டத்தை வைக்கும்போது, எதிர்ப்பக்கம் நின்று வெளிச்சம் தெரிகிறதா என்று சொல்வதற்குக் கூரிய இளங்கண்களே ஏற்றவை. ரம்பத்தை ஓட்டுவது மட்டும் மாணவியர்க்கு உரியதன்று. பெற்றோரும் அதற்கு இடம் தரவேண்டாம்.

முடிந்த சட்டத்தைச் சோதிக்க மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். வெளியளவு 18 அங்குலமும் 24 அங்குலமும் உள்ள சட்டத்தில் இரு மூலைவிட்டங்களும் 30 அங்குலம் இருந்தால் நான்கு மூலைகளும் செங்கோணம். பிதாகரஸ் தேற்றத்தை இந்த எண்களில் போட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு இரண்டு கணக்குகள். ஒன்று: ஐந்து சமபக்கங்கள் கொண்ட கடிகாரச் சட்டத்துக்கு ரம்பத்தை எந்தப் பாகையில் நிறுத்த வேண்டும்? இரண்டு: அவ்வாறு நிறுத்தியதில் கால் பாகை பிசகு இருந்தால், நான்கு மூலைகளை மூடியபின் ஐந்தாவது மூலை எத்தனை பாகை திறந்திருக்கும்? விடைகளைப் படம் வரைந்து கணித ஆசிரியையிடம் காட்டுக.